ஒரே தமிழ்ச் சொல், நாலு இங்கிலீஷ் வெர்ப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வண்ணாரப்பேட்டை, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். துறைமுகத்தில் கன்டெய்னர் கணக்கு எழுதுபவர்கள், மணலி கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள், நர்ஸிங் படிக்கும் பெண்கள், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமே என்று வரும் அம்மாக்கள் எனக் கேட்பவர்கள் பல பேர்; தடுக்கி விழும் இடம் மட்டும் ஒன்றேதான். கேள்விகளை அவரவர் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறோம். ஆங்கிலச் சொற்கள் உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் இருக்கின்றன. வாய்விட்டுப் படியுங்கள், பிடிபடும்.

ஒரு விஷயத்துக்கு எதுக்கு சார் இத்தினி வார்த்தை? ஒண்ணு போதாதா?

ஆங்கிலத்தில் இரண்டு வீட்டுப் பாத்திரங்கள் ஒரே அலமாரியில் இருக்கின்றன. 1066-ல் பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதன்பிறகு அரண்மனை, நீதிமன்றம், பத்திரம் எல்லாவற்றிலும் பிரெஞ்சு வழிச் சொற்கள் ஏறின. வீட்டிலும் வயலிலும் பழைய சொற்களே புழங்கின. 'பை' பழையது, 'பர்ச்சேஸ்' பிரெஞ்சு வழி வந்தது. 'ஆஸ்க்–இன்கொயர்', 'ஹெல்ப்–அசிஸ்ட்', 'பிகின்–கமென்ஸ்' எல்லாம் அதே கதைதான். எம்.சி. ரோட்டில் சட்டை வாங்கினால் 'பை'. கம்பெனி ஸ்டோருக்கு நூறு ஜோடி கையுறை வாங்கினால் பில்லில் 'பர்ச்சேஸ்'.

தமிழிலும் இது உண்டு. விருந்தாளி 'சாப்பிட்டார்' என்போம். அவரையே 'தின்றார்' என்று சொன்னால் உறவே முறியும். பொருள் ஒன்றுதான், இடம் வேறு.

அப்போ எதை எங்க போடணும்னு எப்படித் தெரியும்? ஏதாச்சும் ஒரு வழி சொல்லுங்க.

தமிழ் அர்த்தத்தை மட்டும் எழுதி மனப்பாடம் செய்வதில்தான் பாதித் தப்பு தொடங்குகிறது. 'டெல் – சொல்', 'சே – சொல்' என்று நோட்டில் எழுதிவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தானே தெரியும்? வினைச்சொல்லை அதன் வாலோடு எழுதுங்கள். அதற்குப் பின்னால் ஆள் ஒட்டுகிறதா, பொருள் ஒட்டுகிறதா, நடுவில் 'டு', 'ஃபார்', 'அட்' வேண்டுமா, ஒன்றுமே வேண்டாமா? இதைப் பார்த்தாலே பெரும்பாலான குழப்பம் தீரும். மிச்சத்துக்கு இரண்டு கேள்வி போதும்: செய்தவர் வேண்டுமென்று செய்தாரா, தானாக நடந்ததா? பேசுபவர் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார்?

நோட்டில் ஒரு வினைக்கு நாலு வரி விடுங்கள்: சொல்லும் வாலும், இறந்தகால வடிவங்கள், உங்கள் வேலையிலிருந்து ஒரு வாக்கியம், நீங்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு. வாரத்துக்கு ஐந்து வினை போதும். மாணவர்களுக்கான அகராதிகளில் வினைக்குப் பக்கத்தில் 'டி' எழுத்து இருந்தால் பின்னால் பொருளோ ஆளோ கட்டாயம். 'ஐ' எழுத்து இருந்தால் தேவையில்லை. பலரும் அந்த ஒற்றை எழுத்தைக் கவனிக்காமலே பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

சே, டெல், ஸ்பீக், டாக்... நாலும் சொல்றது, பேசறதுதானே? எதைப் போட்டா இன்னா?

'டெல்' போட்டால் ஒட்டியே ஆள் வர வேண்டும்: டெல் மீ, டெல் ஹிம், ஐ டோல்ட் மை மதர். 'சே'வுக்குப் பின்னால் சொன்ன சங்கதி வரும்: ஹி செட் நோ. அதில் ஆளையும் சேர்க்க வேண்டுமானால் நடுவில் 'டு' வேண்டும்: ஐ செட் சாரி டு ஹிம். ஆகவே 'ஹி செட் மீ' தப்பு, ஏனென்றால் ஆள் நேராக ஒட்டிவிட்டது. 'ஷி டோல்ட் தட் ஷி வாஸ் ஸிக்' தப்பு, ஏனென்றால் ஆளே இல்லை. 'ஷி டோல்ட் மீ' அல்லது 'ஷி செட்' என்று தொடங்கினால் சரி.

சில பொருள்களோடு 'டெல்' ஆள் இல்லாமலும் வரும்: உண்மை, பொய், கதை, மணி, வித்தியாசம். டெல் தி ட்ரூத், டெல் எ லை, டெல் எ ஸ்டோரி, டெல் தி டைம், டெல் தி டிஃபரன்ஸ். இவற்றில் 'சே' போடக்கூடாது. 'செய்யச் சொன்னார்' என்பதற்கும் 'டெல்'தான்: தி சூப்பர்வைசர் டோல்ட் மீ டு வெயிட்.

'ஸ்பீக்' மொழிக்கு, மேடைக்கு, மரியாதையான போன் பேச்சுக்கு: மே ஐ ஸ்பீக் டு தி மேனேஜர்? 'டாக்' இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பேசுவது. டீக்கடையில் நண்பர்கள் பேசிக்கொண்டிருந்தால் 'தே ஆர் டாக்கிங்'.

'டெல் மீ' ரைட்டுன்னா 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' ஏன் தப்பு? இன்டர்வியூல மூஞ்சியைச் சுளிச்சாங்க.

'எக்ஸ்ப்ளெய்ன்' நடப்பது 'டெல்' வழியில் அல்ல, 'சே' வழியில். ஆளுக்கு முன்னால் 'டு' வேண்டும்: எக்ஸ்ப்ளெய்ன் இட் டு மீ. 'சஜெஸ்ட் மீ எ குட் காலேஜ்' என்பதும் இதே தப்பு. 'சஜெஸ்ட் எ குட் காலேஜ்' என்று ஆளை விட்டுவிட்டாலே போதும். 'டெஸ்க்ரைப்', 'மென்ஷன்', 'அனௌன்ஸ்' மூன்றும் இந்தக் கூட்டம்தான்.

நேர்மாறான தப்பும் உண்டு: வேண்டாத இடத்தில் வால் சேர்ப்பது. 'டிஸ்கஸ் அபௌட் தி ப்ராப்ளம்' தப்பு, 'டிஸ்கஸ் தி ப்ராப்ளம்' சரி. 'ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்' என்பதை வினையாகச் சொன்னால் 'ஃபார்' வேண்டாம். 'எ டிஸ்கஷன் அபௌட்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார்' என்று பெயர்ச்சொல்லாக வரும்போது அந்த வால் சரி. அங்கிருந்துதான் வினைக்குக் கசிகிறது. 'ரிட்டர்ன் பேக்' வேண்டாம். 'ரிட்டர்ன்' என்றாலே திரும்பத்தான். 'ரிப்ளை'க்கு 'டு' வேண்டும், 'ஆன்ஸர்'க்கு வேண்டாம்: ரிப்ளை டு மை மெயில், ஆன்ஸர் மை கொஸ்டின்.

கடல்ல கப்பல் தெரியுது, கப்பலைப் பார்க்கிறேன், கப்பலையே பார்த்துக்கினு இருக்கேன். மூணுக்கும் 'ஸீ' போட்டா தப்பா?

கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தெரிவது, கண்ணில் படுவது 'ஸீ'. கண்ணைத் திருப்புவது 'லுக்', அதற்கு 'அட்' வால். கொஞ்ச நேரம் தொடர்ந்து கவனிப்பது 'வாட்ச்'. காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தை வேடிக்கை பார்த்து நின்றால் 'ஐ வாட்ச்ட் தி ஆக்ஷன்'. வஞ்சிரத்தின் செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று தூக்கிப் பார்த்தால் 'ஐ லுக்ட் அட் தி கில்ஸ்'. கூட்டத்தில் தெரிந்தவர் கண்ணில் பட்டால் 'ஐ ஸா ஹிம்'.

'ஸீ' தானாக நடப்பது. ஆகவே 'ஐ ஆம் ஸீயிங் தி ஷிப்' என்று 'இங்' சேர்க்கக் கூடாது, 'ஐ கேன் ஸீ தி ஷிப்' என்பார்கள். 'ஐ ஆம் ஸீயிங் தி டாக்டர் டுமாரோ' சரி. அங்கே பொருள் போய்ச் சந்திப்பது. படத்துக்கு 'ஸீ', 'வாட்ச்' இரண்டும் நடக்கும், டிவிக்கு 'வாட்ச்' மட்டும். குழந்தையைப் பார்த்துக்கொள்வது 'லுக் ஆஃப்டர்', பையைப் பார்த்துக்கொள்வது 'கீப் அன் ஐ ஆன்'.

'கேளு'ன்னு தமிழ்ல ஒண்ணே ஒண்ணு. ஹியர், லிசன், ஆஸ்க்னு மூணா எப்படிப் பிரிக்கறது?

மேலே பார்த்த கணக்குதான். காதில் விழுவது 'ஹியர்', காது கொடுப்பது 'லிசன்', அதற்கு 'டு' வால். போனில் இது ரொம்ப முக்கியம். பாரிமுனை சத்தத்தில் நின்றுகொண்டு எதிர்முனையில் இருக்கும் அதிகாரியிடம் 'ஆர் யூ லிசனிங்?' என்று கேட்டால், 'நான் பேசறதைக் கவனிக்கிறீங்களா, இல்லையா?' என்று அதட்டுவதுபோல் ஆகும். 'கேன் யூ ஹியர் மீ?' என்று கேளுங்கள்.

'ஆஸ்க்' கேள்வி கேட்பது. ஆள் நேராக ஒட்டும், 'ஆஸ்க் டு ஹிம்' தப்பு. பொருளைக் கொடுக்கும்படி கேட்டால் 'ஃபார்' வேண்டும். 'ஐ ஆஸ்க்ட் தி ப்ரைஸ்' என்றால் விலை என்ன என்று விசாரித்தேன். 'ஐ ஆஸ்க்ட் ஃபார் தி பில்' என்றால் பில்லைக் கொடுக்கச் சொன்னேன்.

மாத்திரை சாப்பிட்டேன். 'ஐ ஏட் தி டேப்லெட்' சரிதானே?

இல்லை, 'ஐ டுக் தி டேப்லெட்'. மருந்து எதுவானாலும் 'டேக்'தான், டானிக்கும் சேர்த்து. பீடி, சிகரெட்டைத் தமிழில் குடிக்கிறோம், அங்கே 'ஸ்மோக்'.

பாரோ, லெண்ட் எந்நேரமும் மாறிப்போவுது. வாடகைக்கு விடறது, எடுக்கறது அதுக்கு மேல குழப்பம்.

கடனாக வாங்குவது 'பாரோ', வால் 'ஃப்ரம்'. கடனாகக் கொடுப்பது 'லெண்ட்', அதில் ஆள் நேராக ஒட்டும். 'கேன் யூ பாரோ மீ ஃபைவ் ஹண்ட்ரட்?' தப்பு; 'கேன் யூ லெண்ட் மீ?' அல்லது 'கேன் ஐ பாரோ?' என்று கேட்க வேண்டும். இறந்தகாலம் 'லெண்டட்' இல்லை, வெறும் 'லென்ட்'. பேங்க் எப்போதும் லெண்ட் செய்யும், நாம் பாரோ செய்கிறோம். இரண்டிலும் திருப்பிக் கொடுப்பது உறுதி. பக்கத்து வீட்டில் ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்பதற்கு 'கிவ்' போதும்.

'ரெண்ட்' இரு பக்கமும் ஓடும். குடியிருப்பவரும் ரெண்ட் செய்வார், வீட்டுக்காரரும் ரெண்ட் செய்வார். வீட்டுக்காரர் பக்கத்தைத் தெளிவாக்க 'ரெண்ட் அவுட்' அல்லது 'லெட்'. வாசலில் தொங்கும் 'டு லெட்' பலகைக்கு 'வாடகைக்கு விடப்படும்' என்றே பொருள். 'ஹையர்' கொஞ்ச நேரத்துக்கு, கொஞ்ச நாளுக்கு: கல்யாணத்துக்கு வேன், ஒரு நாளுக்குக் கிரேன்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் 'லீஸ்' என்றால் மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்பது. ஆங்கிலத்தில் 'லீஸ்' என்பது இத்தனை காலத்துக்கு என்று எழுதிக்கொள்ளும் ஒப்பந்தம். மாத வாடகை வழக்கம்போல் உண்டு. நாம் சொல்லும் 'அட்வான்ஸ்' அங்கே 'டெபாசிட்'. வெளிநாட்டில் வீடு பார்க்கும்போது இந்த இரண்டு சொல்லில் ஏமாந்துபோக வேண்டாம்.

'இட்டுனு வா', 'எத்துனு போ' ரெண்டுக்கும் 'ப்ரிங்' போடலாமா?

'வா' இருந்தால் 'ப்ரிங்', 'போ' இருந்தால் 'டேக்'. தமிழில் ஆளை இட்டுக்கொண்டு வருவதும் பொருளை எடுத்துக்கொண்டு வருவதும் வேறு. ஆங்கிலத்தில் ஆளானாலும் பொருளானாலும் 'ப்ரிங்' ஒன்றே. 'போய் எடுத்துனு வா' என்று போக்கும் வரத்தும் சேர்ந்தால் 'ஃபெட்ச்'.

நுட்பமான இடம் இனிமேல்தான். போனில் அதிகாரியிடம் 'நாளைக்கு உங்க ஆபீஸுக்கு சர்ட்டிஃபிகேட் எடுத்துனு வரேன்' என்கிறோம். இங்கிருந்து போகிற வேலைதான், ஆனாலும் 'வரேன்' என்கிறோம். ஆங்கிலமும் அப்படியே: 'ஐ வில் ப்ரிங் இட் டு யுவர் ஆபீஸ்'. பேசுபவர் இருக்கும் இடத்துக்கும் கேட்பவர் இருக்கும் இடத்துக்கும் 'கம்', 'ப்ரிங்'. மூன்றாம் இடத்துக்கு 'கோ', 'டேக்'. இந்தக் கணக்கு நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வருதலும் தருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று பிரித்தே சொல்லியிருக்கிறது. ஆக, இந்த ஒரு விஷயத்தில் தமிழில் வாயில் வருவதை அப்படியே நம்பலாம். வீட்டுக்குள்ளிருந்து யாராவது கூப்பிட்டால் 'ஐ ஆம் கமிங்', அதுவும் நம் 'வரேன்'தான்.

விடைபெறும் 'போயிட்டு வரேன்' மட்டும் விலக்கு. 'ஐ வில் கோ அண்ட் கம்' வெளியூர்க்காரருக்கு விளங்காது. 'போறேன்' என்று சொல்லக்கூடாது என்கிற நம் மனசு அந்த மொழியில் இல்லை. 'ஐ ஆம் ஆஃப், ஸீ யூ' என்றால் அவர்களுக்கு அதுவே மரியாதை.

ரைஸ்–ரெய்ஸ், லை–லே. படிக்கிறப்போ புரியுது, பேசறப்போ போயிடுது. பிடிமானம் ஏதாவது இருக்கா?

பள்ளியில் படித்த தன்வினை, பிறவினைதான் பிடிமானம். உயர்ந்தது 'ரைஸ்', உயர்த்தினார் 'ரெய்ஸ்'. கிடந்தது 'லை', கிடத்தினார் 'லே'. விழுந்தது 'ஃபால்', மரத்தை வீழ்த்தினார் 'ஃபெல்'. மீன் விலை தானாக உயர்ந்தால் 'தி ப்ரைஸ் ரோஸ்'. கடைக்காரர் உயர்த்தினால் 'ஹி ரெய்ஸ்ட் தி ப்ரைஸ்'. கிரேன் கன்டெய்னரை 'ரெய்ஸ்' செய்யும், கடலில் நீர்மட்டம் 'ரைஸ்' ஆகும்.

வடிவங்கள்: ரைஸ், ரோஸ், ரிஸன். ரெய்ஸ், ரெய்ஸ்ட், ரெய்ஸ்ட். லை, லே, லெய்ன். லே, லெய்ட், லெய்ட். குழப்பத்தின் வேர் மூன்றாவது வரிசையில் இருக்கிறது: 'லை'யின் இறந்தகாலம் 'லே', அதுவே அடுத்த வினையின் நிகழ்காலமும் கூட. 'நேத்து பூரா படுத்தே கிடந்தேன்' என்பது 'ஐ லே இன் பெட் ஆல் டே', 'லெய்ட்' அல்ல. 1856-ல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்துக்குத் தண்டவாளம் போட்டார்களே, அது 'லெய்ட்'. கோழி முட்டையிட்டதும் 'லெய்ட்'. பொய் சொல்லும் 'லை' தனி வினை: லை, லைட், லைட். ஆங்கிலேயர்களே பேச்சில் 'லை', 'லே'யை மாற்றிப் போடுவதுண்டு. பேசும்போது இதற்காகத் திணற வேண்டாம், தேர்வுத்தாளில் மட்டும் கவனம்.

எல்லா வினைக்கும் இப்படி ஜோடி கிடையாது. கதவு திறந்தது, கதவைத் திறந்தான் இரண்டுக்கும் நம் 'திற' ஒன்றே. அங்கேயும் 'ஓப்பன்' ஒன்றே. 'ப்ரேக்', 'பாயில்', 'ஸ்டாப்' இவையும் அப்படி.

தமிழ்ல எல்லாத்துக்கும் 'பண்ணு' போட்டுடறோம். 'மேக்'கா 'டூ'வா?

புதிதாக ஒன்று உண்டானால் பெரும்பாலும் 'மேக்': டீ, சத்தம், திட்டம், பட்டியல். வேலையாக நடந்து முடிந்தால் 'டூ': ஹோம்வொர்க், துவைக்கிற வேலை, ஓவர்டைம். விதி இவ்வளவுதான் உதவும். மேக் எ மிஸ்டேக், மேக் எ கால், டூ எ ஃபேவர், டூ பிசினஸ் போன்றவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

ஃபுட்பால் மேட்ச் பத்தி 'வீ வன் தெம்'னு எழுதினேன், சுழிச்சுட்டாங்க. ஜெயிச்சோம் அவ்ளோதானே?

'வின்' போட்டால் பின்னால் மேட்ச், கப், பரிசு வரும். ஆளோ அணியோ வந்தால் 'பீட்'. வியாசர்பாடி பையன்கள் எதிரணியைத் தோற்கடித்தால் 'தே பீட் தெம் அண்ட் வன் தி மேட்ச்'. 'பீட்'டின் இறந்தகாலமும் 'பீட்'தான், மூன்றாவது வடிவம் 'பீட்டன்'.

'ஸ்டீல்', 'ராப்' இரண்டும் இதே மாதிரி வாலில் பிரிகின்றன. பொருள் வந்தால் 'ஸ்டீல்', ஆளோ கடையோ வந்தால் 'ராப்'. போன் திருட்டுப்போனால் 'மை ஃபோன் வாஸ் ஸ்டோலன்'. 'ஐ வாஸ் ஸ்டோலன்' என்றால் உங்களையே திருடிக்கொண்டு போனதாக ஆகிவிடும். புகார் எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். இந்தியச் சட்டத்தில் 'தெஃப்ட்' திருட்டு. அடித்தோ மிரட்டியோ பறித்தால்தான் 'ராபரி'. பஸ்ஸில் தெரியாமல் எடுத்துவிட்டார்கள் என்றால் 'ராப்ட்' என்று எழுதாதீர்கள்.

படகு முங்குச்சு, ஆளு முங்கினான், தெரு முங்குச்சு. எல்லாம் 'சிங்க்'தானே?

படகு, வலை, இன்ஜின் முழுகினால் 'சிங்க்': சிங்க், சாங்க், சங்க். மனிதரோ விலங்கோ நீரில் மூச்சுத் திணறினால் 'ட்ரவுன்'. 'ஹி ட்ரவுன்ட்' என்றாலே இறந்துவிட்டார் என்று பொருள். காப்பாற்றிவிட்டார்கள் என்றால் 'ஹி நியர்லி ட்ரவுன்ட்' என்று சொல்லியே ஆக வேண்டும். இந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் கேட்பவர் துக்கம் விசாரிக்கத் தொடங்குவார். வேண்டுமென்று முங்கினால் 'டைவ்'. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருக்கள் முங்கியது 'ஃபிளட்'.

'மோது' என்பதிலும் இதுபோல் உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் ஒன்றோடொன்று மோதின. அது 'கொலைட்', வால் 'வித்'. லாரி நின்றிருந்த கம்பத்தில் இடித்தால் 'ஹிட்'. அப்போது கடலில் கொட்டிய எண்ணெய்க்கு 'ஸ்பில்'. பைப்பில் சொட்டுச் சொட்டாகக் கசிவது 'லீக்'. நாமாக ஊற்றுவது 'போர்'. சிந்து, கசி, ஊற்று என்று தமிழ் இங்கே சரியாகவே பிரித்து வைத்திருக்கிறது.

நர்ஸிங் படிக்கிறேன் மிஸ். ஹர்ட், இஞ்ஜுர், வூண்ட்... ட்ரீட், கியூர், ஹீல்... ரெக்கார்ட் எழுதும்போது கை நின்னுடுது.

விபத்தில், விளையாட்டில், மெஷினில் அடிபட்டால் 'இஞ்ஜுர்'. கத்தி, குண்டு போன்ற ஆயுதத்தால் என்றால் 'வூண்ட்'. அதே எழுத்துகளை 'வவுண்ட்' என்று படித்தால் 'சுற்றினான்' என்று வேறு சொல்லாகிவிடும். 'ஹர்ட்' பொதுச்சொல், வலிக்கும் வரும், மனம் நோவதற்கும் வரும்: மை லெக் ஹர்ட்ஸ். பொருளுக்கு 'டேமேஜ்': பைக் டேமேஜ், ஓட்டியவர் இஞ்ஜுர்ட்.

'ட்ரீட்' சிகிச்சை தருவது மட்டும். குணமானதா என்பது அதில் இல்லை. நோய் போனால்தான் 'கியூர்'. காயம், எலும்பு தானாகக் கூடினால் 'ஹீல்'. சர்க்கரை நோயாளியின் கேஸ் ஷீட்டில் 'கியூர்ட்' என்று எழுதினால் பெரிய தப்பு. 'ட்ரீட்டட்' என்றே எழுத வேண்டும். அவருடைய கால் புண் ஆறினால் 'தி வூண்ட் ஹீல்ட்'.

'ஐ டவுட் ஹிம்'னா அவன் மேல சந்தேகம்னுதானே அர்த்தம்?

அவன் சொல்வதை நம்பவில்லை என்று பொருள். 'அவன்தான் எடுத்திருப்பான்' என்ற சந்தேகத்துக்கு 'சஸ்பெக்ட்'. இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிர். 'ஐ சஸ்பெக்ட் ஹி டுக் தி மணி' என்றால் அவன் எடுத்திருப்பான் என நினைக்கிறேன். 'ஐ டவுட் ஹி டுக் தி மணி' என்றால் அவன் எடுத்திருக்க மாட்டான் என நினைக்கிறேன். ஒரு சொல் மாறினால் ஒருவருடைய வேலையே போகலாம், அல்லது திருடியவர் தப்பலாம்.

தமிழில் 'சந்தேகம்' எப்படி வருகிறது என்று பாருங்கள். 'அவன் மேல சந்தேகம்' என்று 'மேல' வந்தால் சஸ்பெக்ட். 'அவன் வருவானா, சந்தேகம்தான்' என்று 'தான்' வந்தால் டவுட். வகுப்பில் கேட்கும் சந்தேகம் இரண்டும் இல்லை, அது 'கொஸ்டின்': ஐ ஹேவ் எ கொஸ்டின்.

மறுத்தான்னு சொல்ல 'ரெஃப்யூஸ்', 'டினை', 'ரிஜெக்ட்' எதுவானாலும் போடலாமா?

செய்ய மாட்டேன் என்றால் 'ரெஃப்யூஸ்', வால் 'டு': ஹி ரெஃப்யூஸ்ட் டு பே. நான் செய்யவில்லை, அது உண்மையில்லை என்றால் 'டினை'. பின்னால் 'இங்' வரும்: ஹி டினைட் டேக்கிங் தி மணி. 'ஹி டினைட் டு கம்' எப்போதுமே தப்பு. விண்ணப்பத்தை, சரக்கைத் தகுதியில்லை என்று தள்ளினால் 'ரிஜெக்ட்'. அழைப்பைப் பணிவாக மறுத்தால் 'டிக்ளைன்'.

'எதிர்பார்க்கிறேன்'னு சொல்ல 'ஐ எக்ஸ்பெக்ட்' போட்டேன், ஆபீஸர் கோவிச்சுக்கிட்டார்.

'எக்ஸ்பெக்ட்'டில் உறுதி இருக்கிறது. 'ஐ எக்ஸ்பெக்ட் யூ டு ரிப்ளை டுடே' என்பது மேலே இருப்பவர் கீழே இருப்பவருக்குச் சொல்வது. கீழிருந்து மேலே எழுதினால் 'ஐ ஹோப் டு ஹியர் ஃப்ரம் யூ' அல்லது 'ஐ லுக் ஃபார்வர்ட் டு யுவர் ரிப்ளை'. நடக்கலாம் என்ற ஆசைக்கு 'ஹோப்', நடக்காது என்று தெரிந்த ஆசைக்கு 'விஷ்': ஐ விஷ் ஐ வேர் டாலர் (நான் இன்னும் உயரமாக இருந்திருக்கக் கூடாதா). பஸ் ஸ்டாப்பில் நிற்பது 'வெயிட்', வால் 'ஃபார்'.

காலேஜ் 'பாஸ் அவுட்', மீட்டிங் 'ப்ரீபோன்', மெயிலுக்கு 'ரிவர்ட்'. இதெல்லாம் தப்பான இங்கிலீஷா?

தப்பு என்று சொல்வதைவிட நம் நாட்டு வழக்கு என்பதே சரி. 'ப்ரீபோன்' ஆக்ஸ்ஃபர்டு அகராதியிலேயே இருக்கிறது. நம் ஊர் அலுவலகங்களில் தாராளமாகப் பேசுங்கள். கப்பல் வேலைக்கோ வெளிநாட்டுக் கம்பெனிக்கோ எழுதும்போது மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே பலருக்கு 'பாஸ் அவுட்' என்றால் மயங்கி விழுவது, அதனால் 'கிராஜுவேட்'. 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது, அதனால் 'ரிப்ளை'. 'கட் தி கால்' வேண்டாம், 'ஹாங் அப்'. லைட்டை 'குளோஸ்' செய்ய வேண்டாம், 'ஸ்விட்ச் ஆஃப்'.

கடைசியா ஒண்ணு. 'ஸ்டாப் ஸ்மோக்கிங்', 'ஸ்டாப் டு ஸ்மோக்' ரெண்டும் புக்ல இருக்கு. எது சரி?

இரண்டும் சரி, பொருள்தான் தலைகீழ். 'ஹி ஸ்டாப்ட் ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை விட்டுவிட்டார். 'ஹி ஸ்டாப்ட் டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றார். 'ரிமெம்பர்' என்பதும் அப்படித்தான். 'ரிமெம்பர் டு லாக்' என்றால் பூட்ட மறக்காதே. 'ஐ ரிமெம்பர் லாக்கிங்' என்றால் பூட்டினது ஞாபகம் இருக்கிறது. இனி நடக்க வேண்டியதற்கு 'டு', நடந்ததற்கு 'இங்'. இன்னொருவருக்கு ஞாபகப்படுத்துவது 'ரிமைண்ட்'. அதற்கு 'டெல்' போலவே ஆள் கட்டாயம்: ரிமைண்ட் மீ.

'ட்ரை' கொஞ்சம் கடினம் என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழில் ஓர் எழுத்தில் அது அடங்கியிருக்கிறது. 'மூட்டையைத் தூக்கப் பார்த்தான்' என்றால் முயன்றான், முடிந்ததா தெரியாது: ஹி ட்ரைட் டு லிஃப்ட் இட். 'மூட்டையைத் தூக்கிப் பார்த்தான்' என்றால் தூக்கியேவிட்டான், என்ன எடை என்று தெரிந்துகொள்ள: ஹி ட்ரைட் லிஃப்டிங் இட். 'தூக்க' என்று வந்தால் 'டு', 'தூக்கி' என்று வந்தால் 'இங்'.